தொங்கல் காம்பரா நூதனசாலை

வெள்ளவத்தை, கொழும்பு
11.2.1962

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முத்துலிங்கம் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? மகள் வடிவும் மாப்பிள்ளை அழகனும் கொட்டகலையில் நன்றாக இருக்கிறார்களா?

நெடுநாளாக எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். கம்பெனி ஆபீசில் வேலை அதிகம். நமது ஆத்துமலைத் தோட்டம் திறந்து இந்த வருடத்தோடு நூறு வருடமாகிறதாம். காப்பிக் காலத்தில் காடு வெட்டிய நாளிலிருந்து கணக்கு. அதைக் கொண்டாடத் தோட்டத்திலேயே ஒரு சரித்திர நூதனசாலை வைக்கப் போகிறார்கள். பழைய பொருள்களை அடுக்கி வைத்து வருகிறவர்களுக்குக் காட்டும் இடம். அந்த வேலைக்கு உதவியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் நூதனசாலைகளைப் பார்த்துவரச் சொன்னார்கள். ராசாக்களின் வாள், பல்லக்கு, சிம்மாசனம் எல்லாம் பார்த்தேன். பார்க்க வருகிறவர்கள் மூச்சு விடாமல் நடக்கிறார்கள். கோயிலில்கூட அந்த அமைதி இல்லை, அக்கா.

ஒரு சின்ன விசயம். நம்முடைய தொங்கல் காம்பரா அப்படியேதானே இருக்கிறது? அப்பா மண் குழைத்துக் கட்டின அடுப்பை இடித்துவிடவில்லையே? கூரைத் தகரம் பழையதுதானே? அப்பா தேயிலைச் செடி வெட்டின கவ்வாத்துக் கத்தி, அம்மாவின் கம்பளி, பித்தளைச் செம்பு எல்லாம் இருக்கின்றனவா? சும்மாதான் கேட்கிறேன்.

பதிலை விடுதி முகவரிக்கே போடுங்கள். ஆபீசுக்கு வேண்டாம். அங்கே தமிழ்க் கடிதம் வந்தால் கைமாறிப் போய்விடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
முத்துலிங்கம்


கதிர்காமத்தான் துணை

ஆத்துமலைத் தோட்டம், மேல் டிவிசன்
பூண்டுலோயா
25.2.1962

தம்பி முத்துலிங்கத்துக்கு அக்கா நாகலெட்சுமி எழுதிக்கொண்டது. நான் இருக்கிறேன். இருமலும் என்னோடு இருக்கிறது. நீ சுகமென்று அறிந்து சந்தோசம்.

தீபாவளிக்கும் எழுதவில்லை, பொங்கலுக்கும் எழுதவில்லை. இப்போது திடீரென்று அடுப்பு எப்படி, தகரம் எப்படி என்று கேட்கிறாய். மனுசரை விட்டுவிட்டு அடுப்பைச் சுகம் விசாரிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கேட்டதற்குப் பதில்: அடுப்பு சுகம். கத்தி ஆணியில் தொங்குகிறது. செம்பில் ஓட்டை, அரக்கு வைத்து அடைத்திருக்கிறேன். அம்மாவின் கம்பளியைத்தான் நான் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். தகரம் மட்டும் சுகமில்லை. வரிசையாகக் கட்டின லயத்தில் நம்முடையது தொங்கல், கடைசிக் காம்பரா என்பதால் மலைக்காற்று நேரே நம் கூரையில்தான் மோதுகிறது. மழை வந்தால் சட்டி, பானை, வாளி எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு நான் மூலையில் குந்தியிருக்கிறேன். தகரம் போட்டுக் கொடுங்கள் என்று துரையிடம் மனுக் கொடுத்துக் கொடுத்துக் கைதான் தேய்ந்தது. கம்பெனியில் பெரிய மனுசனாக உட்கார்ந்திருக்கிறாயே, அங்கே ஒரு வார்த்தை சொன்னால் உன் வாய் வெந்து போகுமா?

செத்துப்போன ராசாவின் நாற்காலியைச் சனம் மூச்சு விடாமல் பார்க்கிறதாம்! உயிரோடிருக்கிறவன் உட்கார நாற்காலி இல்லாத ஊரில் இதுவும் ஒரு பிழைப்பு.

நல்ல செய்தி ஒன்று. வடிவு முழுகாமல் இருக்கிறாள். ஐப்பசியில் பிள்ளை பிறக்கும் என்கிறாள் மருத்துவச்சி வேலாயி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும். வடிவின் அப்பன் போன பிறகு இந்தக் காம்பராவில் நல்லது ஒன்றும் நடக்கவில்லை, இதுவாவது நடக்கட்டும். நீ பிறந்த அன்று இந்தக் கதவில்தான் அப்பா தேயிலைக் கொத்து செருகினார். வேப்பமரம் இல்லாத குளிர்நாட்டில் நம் லயத்துக்குத் தேயிலைதானே வேப்பிலை. அதைக் கண்டால் வெளி ஆள் வாசல்படி ஏறமாட்டான். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள். கடல்காற்று சளி பிடிக்கும்.

அக்கா,
நாகலெட்சுமி


கொழும்பு
8.4.1962

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கிறேன். வடிவின் செய்தி அறிந்து மிக்க மகிழ்ச்சி.

நீங்கள் சந்தோசப்படும் செய்தி ஒன்று. நம் காம்பராவுக்குக் கூடிய சீக்கிரம் புதுத் தகரம் வரும். நிச்சயம். கொஞ்ச நாளைக்கு ஏதாவது சிரமம் ஏற்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை வீரய்யா என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச வேண்டாம். விபரம் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
முத்துலிங்கம்


கதிர்காமத்தான் துணை

ஆத்துமலை
20.5.1962

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நீ சொன்ன தகரம் வந்தது. வந்த அன்றே கணக்குப்பிள்ளையும் வந்தார்.

"இந்தா நாகலெச்சுமி, சாமான் சட்டிய எடு. இந்தக் காம்பராவ நூதனசாலையா ஆக்கப் போறாங்க. தொர ஆர்டரு."

"என்னாது? என் காம்பராவையா?"

"கூலிக்காரங்க நூறு வருசத்துக்கு முந்தி எப்புடி இருந்தாங்கன்னு காட்டணுமாம். ஒன் காம்பரா ஒண்ணுதான் எதுவுமே மாறாம இருக்காம்."

கேட்டாயா கதையை? மனுக் கொடுத்தும் மாற்றிக் கொடுக்காதவன், மாறாமல் இருக்கிறது என்று மெச்சுகிறான்! அடுப்பு, செம்பு, கத்தி, கம்பளி எதையும் தொடக் கூடாதாம். என்னை மட்டும் எடுத்துப் போட்டார்கள். கீழ் லயத்தில் வீரம்மா காம்பராவில் பாதி. நடுவில் மறைப்புக்குச் சாக்குப்படங்கு கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் வீரம்மா, அவள் புருசன், பிள்ளைகள். இந்தப் பக்கம் நானும் என் இருமலும்.

கூரையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? உள்ளே புதுத் தகரம். அதன் மேலே பழைய துருத் தகரத்தைத் திரும்பவும் வைத்து அடித்தார்கள். சொட்டும் விழக் கூடாது, பார்க்கவும் பிச்சைக்கார வீடாகத் தெரிய வேண்டும். வெள்ளைக்காரன் மூளை அபார மூளைதான், போ.

இன்னும் கேள். நான் கொழுந்து எடுக்கப் போக வேண்டாமாம். காலையில் வந்து கதவைத் திறந்து, அந்தக் காலத்துப் பொம்பளை மாதிரி அடுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்பு மட்டும் மூட்டக் கூடாது, புகை வருகிறவர்கள் கண்ணில் படுமாம். பொழுது சாய்ந்தால் பூட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதாவது, பகலெல்லாம் என் வீட்டில் நான் பொம்மை. ராத்திரிக்கு என் வீட்டில் எனக்கு இடமில்லை.

இது எந்த மூதேவியின் யோசனை என்று தெரியவில்லை. எவனாக இருந்தாலும் அவன் வாயில் மண் விழ. வடிவின் பிரசவத்துக்கு முன்னால் காம்பரா கைக்கு வந்தாக வேண்டும். நீ அங்கே விசாரித்து எழுது.

அக்கா


கொழும்பு
17.6.1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவலாக இருக்கிறேன். கொழும்பில் வெயில் கடுமை.

அந்த யோசனை சொன்னவரைத் திட்ட வேண்டாம். அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். வடிவின் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்.

கதவுக்கு மேலே மாட்டுவதற்குப் பலகை ஒன்று வரும். அதிலுள்ள வாசகம் நான் எழுதியது: 'நூறு ஆண்டுகளுக்கு முன் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த இல்லம்.' இங்கிலீசிலும் தமிழிலும் இருக்கும். நல்ல பலாப் பலகை.

இன்னொன்று. திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து என் மேலதிகாரிகள் வருவார்கள். அவர்களிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம். நீங்கள் என் அக்கா என்பதும் தெரிய வேண்டாம். ஆபீஸ் ஒழுங்கு அப்படி. வேறொன்றும் நினைக்காதீர்கள்.

தம்பி,
முத்துலிங்கம்


ஆத்துமலை
22.7.1962

தம்பிக்கு.

நூதனசாலை திறந்தாயிற்று. வாழைமரம் என்ன, தோரணம் என்ன! பங்களாப் பக்கத்து அறையில் முதல் துரையின் குதிரைச் சேணம், துப்பாக்கி, அவர் குளித்த தொட்டி எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் குளித்த தொட்டியை வரிசையில் நின்று பார்க்கிறார்கள், தம்பி! அதைப் பார்த்துப் புல்லரித்துப்போய், பிறகு மேட்டில் ஏறி என்னைப் பார்க்க வருகிறார்கள்.

முதல் நாள் தோட்டத்துத் துரைக்கு அடுத்த சின்னத்துரை ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். நூறு வருசத்துக்கு முந்திய பொம்பளையாம். மேலே ரவிக்கை இல்லை. நானும் அப்படி உட்கார வேண்டுமாம். "அவுங்க துரைசாணியும் நூறு வருசத்துக்கு முந்தி உடுத்துன மாதிரி உடுத்திக்கிட்டு மலையேறி வரட்டும், அப்பறம் பாப்போம்"னு சொன்னேன். வீரய்யா அதை இங்கிலீசில் எப்படித் திருப்பிச் சொன்னாரோ, சின்னத்துரை படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வருகிற கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒரு துரைசாணி சுவரைத் தடவிப் பார்த்து, இந்தக் கறுப்புக்கு என்ன சாயம் பூசினார்கள் என்று கேட்டாளாம். அம்மாவும் நானும் ஊதி ஊதிப் பூசின சாயம்டி அது! இன்னொருத்தி, இதற்குள் உண்மையாகவே மனுசர் இருந்தார்களா என்று கேட்டாள். "ரெண்டு மாசத்துக்கு முந்தி வரைக்கும் நான்தான் இருந்தேன், கீழ லயத்துல வந்து பாருங்க, இன்னும் இருக்காங்க"ன்னு சொன்னேன். வீரய்யா திருப்பிச் சொன்னார். அவள் கைகொட்டிச் சிரித்து எனக்கு ஒரு டொபி மிட்டாய் கொடுத்தாள்.

பிரஜாவுரிமை ஆபீசிலிருந்து போன வாரம் என் மனு திரும்பி வந்துவிட்டது. நான் இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி போதாதாம். நூறு வருசமாக இங்கேதான் இருந்தோம் என்று கதவுக்கு மேலே பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். பொம்மைக்கு அத்தாட்சி இருக்கிறது, மனுசிக்கு இல்லை. அந்தப் பலகையும் நல்ல பலகைதான். நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வெளியே என்னைச் சாகடித்து எழுதியிருக்கிறாய்.

வெள்ளைக்காரன் பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியாது. கோட்டுப் போட்ட நம் ஆட்கள் வருகிறார்கள் பார், அவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. இதே மாதிரிக் காம்பராவில் பிறந்தவன், மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஓகோ, இப்புடியா இருந்தாங்க?" என்கிறான்.

உன் கம்பெனித் துரையும் அவர் துரைசாணியும் வந்தார்கள். துரைசாணி வீரய்யாவிடம் நெடுநேரம் பேசினாள். அவர்கள் போன பிறகு, என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இந்தக் காம்பராவக் காட்டிக் குடுத்தது அவுங்க ஆபீசு மிஸ்டர் முத்துலிங்கமாம். அவருதான் எல்லாத்தையும் ஆராஞ்சு எழுதிக் குடுத்தாராம். அடுப்பு, செம்பு, கம்பளி எல்லாம். கண்டியில பெரிய வாத்தியார் மகனாம். கூலி சனங்க மேல ரொம்ப இரக்கமுள்ளவராம்."

வீரய்யாவுக்கு உன்னை அரைஞாண் கயிற்றோடு திரிந்த காலத்திலிருந்து தெரியும். அவர் துரைசாணியிடம் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சொல்லாதே என்று நீதான் எழுதியிருந்தாயே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் அப்பா எனக்குத் தெரியாமல் கண்டியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்?

சுகம் விசாரிக்க ஒன்றுமில்லை.

நாகலெட்சுமி


கொழும்பு
9.9.1962

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. வடிவு எப்படி இருக்கிறாள் என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

யோசனை நான்தான் சொன்னேன். நீங்கள் கொடுத்த மனுக்கள் இந்த ஆபீசுக்குத்தான் வந்தன, அக்கா. என் கண் முன்னால்தான் கட்டி மூலையில் போட்டார்கள். லயம் ஒழுகுகிறது என்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சரித்திரம் என்றால் அன்றைக்கே தகரம் வரும் என்று எனக்குத் தெரியும். திறப்பு விழா முடிந்ததும் காம்பராவை உங்களிடமே கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். உங்களை வெளியே போடுவார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

கோபத்தில் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

தம்பி,
முத்துலிங்கம்


ஆத்துமலைத் தோட்டம்
30.9.1962

கொழும்புக் கம்பெனி மகா கனம் பொருந்திய முத்துலிங்கம் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

ஆத்துமலை நூதனசாலைப் பொம்மை நாகலெட்சுமி மிகத் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் மனு. ஐயாவும், ஐயாவின் தகப்பனார் வாத்தியார் அவர்களும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். வாத்தியாரைப் பற்றி ஐயா போன கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதாதபடியால் கேட்கிறேன்.

என் மகள் சண்முகவடிவு தலைப்பிரசவத்துக்கு வந்துவிட்டாள். கொட்டகலையில் மாமியார் வேண்டாம் என்றும், தாய்வீடு என்று ஒன்று இருக்கும்போது அங்கே போகாவிட்டால் ஊர் சிரிக்கும் என்றும் சொல்லி வந்தாள். இங்கே வந்து பார்த்தால் தாய் இருக்கிறாள், வீடு இல்லை. சாக்குப்படங்குக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வீரம்மாவின் புருசன் காய்ச்சலில் கிடக்கிறான். தரை முழுக்க ஈரம். மேலே தொங்கல் காம்பராவில் இரட்டைத் தகரத்துக்குக் கீழே செம்பும் கம்பளியும் சொட்டு நனையாமல் சொகுசாக இருக்கின்றன.

தோட்டத்துப் பெரியதுரையிடம் கேட்டேன், கொழும்பைக் கேள் என்கிறார். ஆகையால் ஐயா அவர்கள் மனமிரங்கி, கூலிக்காரி மகள் பிள்ளை பெறுவதற்கு அந்தச் சரித்திரத்தில் ஒரு பாய் போடும் இடம் வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த பொம்மை,
நாகலெட்சுமி


கொழும்பு
19.10.1962

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. வடிவின் உடம்பு தேவலையா?

கம்பெனித் துரையிடம் கேட்டேன். நவம்பர் பதினான்காம் தேதி லண்டனிலிருந்து கம்பெனியின் தலைவரே நூதனசாலையைப் பார்க்க வருகிறார். அது முடிகிற வரைக்கும் அந்தக் காம்பராவில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பிறகு யோசிக்கலாமாம். பிரசவம் அதுவரை தள்ளிப்போனால் நல்லது. இல்லாவிட்டால் வடிவைக் கொட்டகலைக்கே அனுப்பிவிடலாமா?

அன்று மொழிபெயர்ப்புக்கு என்னையும் கூட்டிவருகிறார்கள். உங்களோடு நின்று பேச முடியாமல் போகலாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

முத்துலிங்கம்


கதிர்காமத்தான் துணை

ஆத்துமலை
18.11.1962

முத்துலிங்கத்துக்கு,

தாயும் பிள்ளையும் சுகம். பொட்டைப் பிள்ளை. நீ கேட்காமல் போய்விட்டாய், அதனால் எழுதுகிறேன்.

பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி வடிவிடம் சொல்லித்தான் பார்த்தேன். லண்டன் துரை வருகிறார், உன் மாமன் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறான், பொறுத்துக்கொள்ளடி என்றேன். அவள் பேச்சைக் கேட்டாலும் வயிற்றிலிருக்கிறது கேட்க வேண்டுமே. அது பதினான்காம் தேதிதான் வருவேன் என்று நின்றது.

காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும்போதே வலி எடுத்துவிட்டது. டிஸ்பென்சரிக்குப் போக நினைத்தால் பாதையெல்லாம் கார் வருகிறதற்காகச் சாணி மெழுகி, யாரும் நடக்கக் கூடாதென்று கயிறு கட்டி வைத்திருந்தார்கள். வீரம்மா காம்பராவில் அவள் புருசன் சன்னி கண்டு பிதற்றிக்கொண்டு கிடந்தான். நூதனசாலைச் சாவி என் மடியில் இருந்தது. எனக்கு அப்போது ஒரு யோசனையும் ஓடவில்லை, தம்பி. கதவு என் கதவு. வடிவைக் கைத்தாங்கலாகப் பிடித்து மேட்டில் ஏற்றிக்கொண்டுபோய், அவர்கள் காட்சிக்கு விரித்து வைத்திருந்த பாயிலேயே படுக்க வைத்தேன். அடுப்பை மூட்டினேன். வேலாயி ஓடி வந்தாள். அவசரத்தில் கத்தி கொண்டுவரவில்லை. ஆணியில் தொங்கின அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கொதிதண்ணீரில் போட்டாள். அதில்தான் கொடி அறுத்தது.

கீழே கார் சத்தம் கேட்கும்போது பிள்ளையும் சத்தம் போட்டது. வீரய்யா வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அடி பாவி, என்னா காரியம் பண்ணிட்ட! தொரமாரு ஏறி வாறாங்க!"

"வரட்டும். நூறு வருசத்துக்கு முந்தி எப்புடிப் பொறந்தாங்கன்னும் பாத்துக்கிட்டுப் போகட்டும்."

வேலாயி வெளியே போய்ப் பச்சைத் தேயிலைக் கொத்தை ஒடித்துக் கதவில் செருகினாள். அதற்கு மேல் நடந்தது நீயும் பார்த்ததுதான். லண்டன் துரை அந்தக் கொத்தைத் தனக்குப் போட்ட தோரணம் என்று நினைத்துக்கொண்டார்! முகமெல்லாம் சிரிப்பாக, டையைச் சரிசெய்துகொண்டு ஏறி வந்தார். பெரியதுரைக்கும் விளங்கவில்லை. அத்தனை பேரில் அது என்னவென்று தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். உன் கண் கொத்தில் விழுந்ததை நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் விளக்குமாறு வைத்திருந்தேன். நீயும் அவர்களோடு சேர்ந்து படியேறியிருந்தால் முதல் அடி உனக்குத்தான், சத்தியமாகச் சொல்கிறேன்.

நீ முன்னால் வந்து, எனக்கு முதுகைக் காட்டி, அவர்களை மறித்து நின்றாய். இங்கிலீசில் ஏதோ சொன்னாய். கம்பெனித் துரையின் முகம் சிவந்தது. துரைசாணி உன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், திரும்ப உன் முகத்தைப் பார்த்தாள். லண்டன் துரை தொப்பியைக் கழற்றினார். எல்லாரும் இறங்கிப் போனார்கள். நீயும் திரும்பிப் பார்க்காமல் போனாய்.

என்ன சொன்னாய்? வீரய்யாவைக் கேட்டால், "அத ஒன் தம்பியவே கேளு" என்கிறார். இன்னும் எந்த வாத்தியார் கதையை அவிழ்த்துவிட்டாய்? உள்ளதை எழுது.

அக்கா


மே/பா நஸார் கடை
கொட்டகலை பசார்
2.12.1962

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் வடிவும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே குளிர் பழக இரண்டு நாள் எடுத்தது.

நான் சொன்னது பெரிய பேச்சு ஒன்றுமில்லை. 'இன்றைக்கு இதற்குள் யாரும் போக முடியாது. உள்ளே பிள்ளை பிறந்திருக்கிறது. வாசலில் நிற்பது என் அக்கா. நானும் இந்தக் காம்பராவில்தான் பிறந்தேன்' என்றேன். லண்டன் துரை மன்னிப்புக் கேட்டார். கம்பெனித் துரைதான், "கண்டியில் உன் தகப்பனார் வாத்தியார் என்றாயே?" என்று கேட்டார். அவர் இந்தத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர் என்று சொன்னேன். அவ்வளவுதான். உங்கள் முகத்தைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்துதான் திரும்பாமல் போனேன்.

கம்பெனியில் எனக்கு நீண்ட லீவு கொடுத்திருக்கிறார்கள். அதனால் மேலே உள்ள முகவரிக்கே எழுதுங்கள். நஸார் நானா கடைக்குப் பின்னால் ஒரு அறை தந்திருக்கிறார். மாப்பிள்ளை அழகன் ஸ்டேசனுக்கு வந்து பெட்டியைத் தூக்கினார். இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை ஒன்று இருக்கிறதாம், கேட்டிருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

காம்பராவைத் திரும்ப எடுத்துவிடுவார்களா? அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்களா? அது கண்ணில் படாமல் இருந்தால் நான் ஒரு தடவை வந்து பிள்ளையைப் பார்க்கலாமா?

தம்பி,
முத்துலிங்கம்


கதிர்காமத்தான் துணை

தொங்கல் காம்பரா
ஆத்துமலை
9.12.1962

தம்பி முத்துலிங்கத்துக்கு அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் சுகம். இருமல்கூடக் குறைந்துவிட்டது, சொட்டு விழாத கூரை அல்லவா.

லீவாம் லீவு! லீவு எடுத்தவன் பெட்டி படுக்கையோடு கொட்டகலைக்கு ஏன் வருகிறான்? அக்காவிடமாவது பொய்யை நிறுத்து. கடைசியில் வாத்தியார் வேலைக்கே போகிறாயா? போ, போ. அப்பாவுக்குத்தான் கிடைக்காத வேலை, உனக்காவது கிடைக்கட்டும். சிரித்தேன்தான். வீரம்மா என்னவென்று ஓடி வந்து பார்த்தாள்.

காம்பராவை எடுக்கத்தான் பார்த்தார்கள். தீட்டுக் கழிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று வீரய்யா வந்து சொன்னார். லயத்துப் பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? "எம் மருமகளுக்கு மார்கழியில" என்றாள் ஒருத்தி. "எம் மகளுக்குத் தையில, இங்கதான் பெறுவா" என்றாள் இன்னொருத்தி. கலியாணமே ஆகாததுகள்கூட மாதம் சொல்லின. வீரய்யா போய் என்ன சொன்னாரோ, மறுநாள் காம்பராவை எங்களுக்கே விட்டுவிட்டு, செம்பையும் கத்தியையும் எடுத்துக்கொண்டுபோய் துரை குளித்த தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஓட்டைச் செம்பை இனிச் சனம் வரிசையில் நின்று பார்க்கும். கம்பளியை மட்டும் நான் கொடுக்கவில்லை. பிள்ளையைச் சுற்றியிருக்கிறது. நான் மறுபடி கொழுந்துக்குப் போகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு முப்பதாம் நாள். பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டும். வடிவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, நீதான் மாமன் முறைக்கு நிற்க வேண்டும். தொட்டில் சேலையோடு வா. கோட்டு வேண்டாம். கோட்டோடு வந்தால் நூதனசாலைக்கு ஆள் வருகிறது என்று லயத்து நாய் குரைக்கும்.

பலகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது உன் கண்ணில் படாது, அன்றைக்கே போய்விட்டது, நீதான் கொத்தைப் பார்த்துக்கொண்டு கவனிக்கவில்லை. காட்சி அடுப்பில் விறகு ஏது? பிள்ளைக்கு வெந்நீர் போட வேறொன்றும் கையில் அகப்படவில்லை, கதவுக்கு மேலே ஏறிப் பிடுங்கிப் பிளந்து வைத்தேன். நீ சொன்னது மெய்தான், நல்ல பலா. இத்தனை வருசத்தில் நீ எழுதினதில் இந்த வீட்டுக்குச் சூடு தந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஸ்டேசனில் காலைக் கோச்சியைத் தவறவிடாதே.

அக்கா,
நாகலெட்சுமி